ஓட்டை மேஸ்திரியும் பீவியம்மாவின் கத்திரிச் செடிகளும்

ஓர் ஓட்டையைப் பார்த்த மாத்திரத்தில், அதைப் போட்டவன் யார், எத்தனை நாளைக்கு முன்னால் போட்டான், போடும்போது அவனுக்கு நிஜமான பசியா அல்லது சும்மா பொழுது போகவில்லையா என்றெல்லாம் சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் ஆம்பூரில் பிறந்தார். வேறு யாராவது இருக்கிறார்கள் என்று நீங்கள் கடிதம் எழுதினால் நான் நம்பப் போவதில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். முனிசாமி என்று சிலர் சொன்னார்கள், முனிரத்தினம் என்று சிலர் சொன்னார்கள். அவரையே ஒரு தடவை கேட்டேன். "அது இன்னாத்துக்கு ரைட்டரே இப்போ?" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த இலையைத் திருப்பிப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முதலாளி முதற்கொண்டு சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஓட்டை மேஸ்திரிதான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் ரைட்டர் வேலை. ரைட்டர் என்றால் ஏதோ கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். மேஸ்திரி சொல்லும் நம்பரை எழுதிக்கொள்கிற குமாஸ்தா. ஷாப் முழுக்க ஆவாரம்பட்டை ஊறுகிற வாசனை. புதிதாக வருகிறவன் முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொள்வான். ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போனால், அந்த வாசனை இல்லாமல் தூக்கம் வராமல் புரளுவான். நான் புரண்டிருக்கிறேன்.

மேஸ்திரியின் வேலை தரம் பிரிப்பது. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. அங்கே வெயில் நேரே அடிக்காது, பால் மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோலை அந்த வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, "இது உண்ணி கடிச்சது. இது வேலி முள்ளு. இது அறுத்தவன் கை தவறுனது, அன்னிக்கி அவனுக்கு வூட்ல சண்ட" என்பார். பிறகு காதில் சொருகியிருக்கும் நீலச் சாக்கட்டியை எடுத்து, தோலின் மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏதாவது ஒரு நம்பர் போடுவார். ஒன்று என்றால் உயர்ந்த ரகம். மூன்று என்றால் கழிசடை.

நம்பர் விழுந்தால் விழுந்ததுதான். மாற்றுகிற பேச்சே கிடையாது. முதலாளியே ஒரு தடவை பக்கத்தில் வந்து, "இத ஒண்ணுல சேக்கலாமே மேஸ்திரி, ஓட்ட சின்னதுதானே?" என்று கேட்டுப் பார்த்தார். "தோல் உங்களுது முதலாளி. ஓட்ட என்னுது" என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த தோலை எடுத்துவிட்டார். முதலாளி தாடியைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

இந்த மனிதருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஷாப்புக்குப் பின்னால் வரிசையாக இருந்த அறைகளில் அவருடையதும் என்னுடையதும் அடுத்தடுத்து. கொல்லையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு நிலம். அதில் கத்திரி, வெண்டை, ஓர் அவரைப் பந்தல். ஊரில் எல்லோரும் தின்பதற்காகக் காய்கறி போடுவார்கள். இவர், யார் யார் வந்து தின்கிறார்கள் என்று பார்ப்பதற்காகப் போட்டார்.

விடிந்ததும் மலைக்கு மேலே சூரியன் எழும்பும். பாலாற்று மணலில் இன்னும் லேசான பனி கிடக்கும். மேஸ்திரி ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடிப்பார். இலையின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்து அவர் முகத்தில் விழும். அந்தப் புள்ளிகளோடு அவர் நிற்கும்போது, இந்த ஆள் எங்கேயோ நல்ல இடத்துக்குப் போயிருக்கிறார், நாம் கூப்பிட்டுக் கெடுக்கக் கூடாது என்று தோன்றும். ஆனால் என்னைத்தான் அவர் கூப்பிடுவார், அதுவும் நான் பல் விளக்குகிற நேரம் பார்த்து.

"ரைட்டரே, இங்க வா. ஓரத்த கிழிச்சா மாரி தின்னிருக்கான் பாரு, இவன் வெட்டுக்கிளி. அவனுக்கு எப்பவும் அவசரம். இந்தா, இதுல பச்சைய மட்டும் சொரண்டிட்டு நரம்ப வுட்டுட்டான், சல்லட மாரி ஆய்டுச்சி. இவன் புள்ளி வண்டு, பொறுமசாலி. வெண்ட எல ஓரம் மஞ்சளா மடங்கிக்கினு இருக்குதே, அது தத்துப்பூச்சி. ஓட்டையே போடமாட்டான், அடியில குந்திக்கினு சாறு மட்டும் உறிஞ்சுவான். அவன்தான் ஜாஸ்தி மோசம்."

"எழுதிக்கணுமா மேஸ்திரி?"

"பின்ன இன்னாத்துக்கு ரைட்டர் வேலைக்கு வந்த?"

இலையைப் பார்க்க ஆரம்பித்தால் அவர் முதுகில் தோசை வார்த்தாலும் தெரியாது. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஒரு தடவை அவர் குனிந்திருந்தபோது ஓர் ஆடு வந்து அவருடைய துண்டில் பாதியைத் தின்றது. துண்டு தோளில்தான் இருந்தது! எழுந்தவர், மிச்சமிருந்த துண்டின் ஓரத்தைப் பார்த்து, "ஆடு. வயசு ரெண்டு. பல்லு ஒண்ணு கம்மி" என்றார்.

அப்பேர்ப்பட்டவரும் ஒரு தடவை சறுக்கினார். கத்திரியில் புள்ளி வண்டு பிடித்து ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் போட்டுக்கொண்டிருந்த சமயம், அவரைப் பந்தலிலும் புள்ளி போட்ட வண்டுகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "ஓகோ, சொந்தக்காரனுங்களா!" என்று அவற்றையும் பிடித்துப் போட்டார். பத்தே நாளில் அவரைக் கொடி முழுக்கக் கருப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. இலையெல்லாம் பிசுபிசு. எறும்புகள் திருவிழாவுக்கு வருகிற மாதிரி வரிசையாக வந்தன. மேஸ்திரி ஒன்றும் புரியாமல் பந்தலடியில் உட்கார்ந்தார். கடைசியில், தப்பிப் பிழைத்த ஒற்றை வண்டு ஒன்று, கடலை கொறிக்கிற மாதிரி அசுவினியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்ததைக் கண்டார்.

"பளபளன்னு இருக்கறவன் நம்ம ஆளு ரைட்டரே" என்று என் அறை வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மங்கலா, துரு புடிச்சா மாரி, மேல பொடி மயிரோட இருக்கறவன்தான் எல தின்றவன். தோல் பாக்கற கண்ணு இது! மெருகுக்கும் மங்கலுக்கும் வித்தியாசம் தெரியாம நல்லவன கொன்னுட்டேனே!"

அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதனூர் வரைக்கும் நடந்து போய், வயல்வெளியில் பளபளப்பு வண்டுகளாகப் பொறுக்கி, நெருப்புப் பெட்டிகளில் போட்டுக்கொண்டு வந்தார். இது தெரியாமல் நான் அடுப்புப் பற்றவைக்க அவர் ஜன்னலில் இருந்த பெட்டியை எடுத்துத் திறந்தேன். ஏழெட்டு வண்டு என் முகத்தில் ஏறிவிட்டன. "ஆடாத நில்லு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார் மேஸ்திரி. "மாதனூர்லேர்ந்து நடந்து இட்டாந்தேன்!" கால் மணி நேரம் நான் மூக்கில் வண்டோடு நின்றேன், அவர் ஒவ்வொன்றாக எடுத்து அவரைக்குக் குடிவைத்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு சட்டம். வாயில் பச்சையோடு கையும் களவுமாகப் பிடித்தால்தான் குற்றவாளி. அதுவரைக்கும் எந்தப் பூச்சியையும் தொடமாட்டார். மூன்று நாளானாலும் சரி, எதிரே உட்கார்ந்து பார்ப்பார்.

இனிமேல்தான் பீவியம்மாவின் தோட்டம் வருகிறது.

பீவியம்மா முதலாளியின் மனைவி. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம்: கல்யாணப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற கத்திரிக்காய் சந்தையில் வாங்கினதாக இருக்கக் கூடாது. வீட்டுத் தோட்டத்துக் காயாகத்தான் இருக்க வேண்டும். பீவியம்மாவின் கல்யாணத்துக்கு அவருடைய மாமியார் போட்டாராம். இப்போது மகளுக்கு இரண்டு மாதத்தில் நிக்காஹ். ஷாப்புக்கு அந்தப் பக்கம் சுவர் எழுப்பிய தோட்டத்தில் ஒரு பாத்தி முழுக்கக் கத்திரி.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் எஸ்தரக்கா. நாற்பது வயசிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். தோட்டத்து மூலையில் ஓர் ஓட்டு அறை, அதுதான் வீடு. வேலை போனால் அதுவும் போகும். கோடையில் கிணறு வற்றிவிட்டதால், பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாக இடுப்பில் சுமந்து வந்து ஊற்றிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மட்டும்தான் அது மூடியிருக்கும் என்று ஷாப்பில் சொல்லுவார்கள்.

ஒரு நாள் அந்தக் கத்திரிச் செடிகளின் தலை தொங்க ஆரம்பித்தது. இன்று நாலு செடி, மறுநாள் பத்துச் செடி. தோட்டத்துச் சுவரை ஒட்டித்தான், மயிர் நீக்கத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியின் கழிவுநீர் வாய்க்கால் போகிறது. "ஆத்துக்குப் போவ சோம்பேறித்தனப்பட்டு வாய்க்கால் தண்ணிய மொண்டு ஊத்திட்டா" என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அந்த ஆளுக்கு இப்போது பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பீவியம்மா ஒரு கிளையை ஒடித்து முறத்தில் வைத்து அனுப்பினார். முதலாளி அதை எடுத்துக்கொண்டு நேராக வடக்கு ஜன்னலுக்கு வந்தார். "மேஸ்திரி, சுண்ணாம்பு பட்டுக் கெட்டதா இது? நீ சொன்னா செரி."

மேஸ்திரியின் கையில் அப்போது தோல் இருந்தது. பக்கத்தில் இன்னும் இருநூறு தோல் காத்திருந்தது. கிளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இலை வாடி ஓரம் கருகியிருந்தது. சுண்ணாம்பில் அதிக நாள் கிடந்த தோல் அப்படித்தான் ஓரம் சுருங்கும்; முப்பது வருஷமாகப் பார்த்த சுருக்கம் அது. "சுண்ணாம்புதான்" என்றார். காதிலிருந்து சாக்கட்டியை எடுத்து, பழக்க தோஷம், கிளை வைத்திருந்த முறத்தில் மூன்று போட்டார்.

முடிந்தது. மேஸ்திரி சொல்லிவிட்டார். எஸ்தரக்கா சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சாயங்காலமே ஆள் போய்ச் சொல்லிவிட்டது. அன்று செவ்வாய்.

மறுநாள் காலையில் எஸ்தரக்கா ஷாப்புக்கே வந்தார். நாங்கள் எல்லோரும், ஆகா, ஜன்னல் கண்ணாடி உடையப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டோம். அவர் கத்தவே இல்லை. ஈரப் புடவையோடு, இடுப்பில் குடத்தோடு, ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"உன் கொல்லையில ஒரு வண்டுக்கு மூணு நாளு வெசாரண வெக்கிறியாமே மேஸ்திரி. ஊரே சொல்லுது. எனுக்கு ஒரு நிமிஷம் கூட கெடயாதா?"

அவ்வளவுதான். போய்விட்டார். மேஸ்திரி விரித்துப் பிடித்த தோலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோலுக்கு நம்பரே வரவில்லை. நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "எயிதிக்கோ" என்றார்.

"இன்னா நம்பர் மேஸ்திரி?"

"அட, அத வுடு ரைட்டரே" என்று தோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். முப்பது வருஷத்தில் அவர் பகலில் ஜன்னலைவிட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னார்கள்.

நேராகத் தோட்டத்துக்குப் போனார். எஸ்தரக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினார். குடத்தைக் கீழே வைத்த சமயம் பார்த்து, மேஸ்திரி அதிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். சுண்ணாம்புத் தண்ணீரின் ருசி தோல் ஷாப்பில் தெரியாதவன் கிடையாது. இது ஆற்று ஊற்று, தித்திப்பு. பிறகு செடியடி மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். அதுவும் வெறும் மண். "த்தூ, நல்லாதான் கீது" என்று துப்பினார்.

"மண்ணு தின்னாத்தான் புத்தி வருதா?" என்றார் எஸ்தரக்கா, செடியைப் பார்த்து.

வியாழக்கிழமை மேஸ்திரி ஷாப்புக்கே வரவில்லை. அழைத்து வரச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். கத்திரிப் பாத்தி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே வெளுத்த வானம், சுற்றி ஊதா ஊதாவாகப் பூ, அவர் தோளில் ஒரு தும்பி. சுவருக்கு அந்தப் பக்கம் தோல் அடிக்கிற சத்தம் ரொம்ப தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. என்னை அறியாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"தோல் குமிஞ்சி போச்சி மேஸ்திரி. முதலாளி பேஜார் பண்றாரு."

"ரைட்டரே, சுண்ணாம்பு ஊத்துனா செடி எங்கேர்ந்து சாவும்?"

"வேர்லேர்ந்து."

"வேர் பட்டா அடி எல மொதல்ல பழுக்கும். இங்க பாரு, அடி எல சோக்கா கீது. மேல குருத்து மட்டும் தொங்குது. இது மேலேர்ந்து சாவுது. ஒடச்ச கிளைய இட்டாந்து குடுத்தாங்க, நான் தோல பாக்கறா மாரி பாத்துட்டேன். செடிய நின்ன எடத்துல பாக்கல." காதிலிருந்த சாக்கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "நம்பர் போட்டுட்டேன் ரைட்டரே."

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில்தான் கண்டுபிடித்தார். தொங்கிய குருத்துக்கு ஒரு விரற்கடை கீழே, தண்டில் குண்டூசி முனை அளவு ஓர் ஓட்டை. அதுவும் மரத்தூள் மாதிரி எச்சத்தால் அடைபட்டிருந்தது. ஊரிலுள்ள ஓட்டையெல்லாம் பார்த்தவருக்கு, மூடி வைத்த ஓட்டை மட்டும் இத்தனை நாள் தப்பியிருக்கிறது. மடியிலிருந்த சின்னக் கத்தியால் தண்டை நீளவாக்கில் கீறினார். உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு புழு, வாயில் பச்சையோடு, ரொம்ப சவுகரியமாகப் படுத்திருந்தது. பக்கத்துச் செடியின் பிஞ்சிலும் அதே ஓட்டை, அதே புழு.

மேஸ்திரி சிரிக்கவில்லை. புழுவை ஓர் இலையில் ஏந்திக்கொண்டு எழுந்தார். கால் மரத்துப்போய் விழப் பார்த்தார், நான் பிடித்துக்கொண்டேன்.

ஷாப்புக்குள் வந்தார். முதலாளியைக் கூப்பிட்டார், தொட்டியில் இருந்தவர்களைக் கூப்பிட்டார், பட்டை இடிக்கிறவர்களைக் கூப்பிட்டார். எல்லோரும் வடக்கு ஜன்னலுக்கு முன்னால் கூடினோம். வாசலில் எஸ்தரக்காவும் வந்து நின்றார்.

"குத்தவாளி இவன். தண்டுக்குள்ள பூந்து குருத்த தின்றான், காய தின்றான். எஸ்தர் ஊத்துனது ஆத்துத் தண்ணி, நானே குடிச்சிப் பாத்தேன். நான் சொன்னது தப்பு." புழுவோடு இலையை ஜன்னலில் வைத்தார். "போட்ட நம்பர மாத்தறது கெடயாது. அது செரி. ஆனா யார் மேல போடணுமோ அவன் மேல போடணும் இல்ல?"

காதிலிருந்து சாக்கட்டியை எடுத்து, தன் வெள்ளைச் சட்டையின் மார்பில் பெரிதாக மூன்று போட்டுக்கொண்டார். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து குவிந்து கிடந்த தோலை எடுத்தார். முதலாளி எஸ்தரக்காவைப் பார்த்து, "நீ எங்கியும் போவ வேணாம்மா" என்றார்.

அதற்குப் பிறகு மேஸ்திரிக்குத் தினமும் விடியற்காலம் பீவியம்மாவின் தோட்டத்தில்தான் வேலை. தொங்குகிற குருத்தையெல்லாம் புழுவோடு கிள்ளி எரித்தார், ஓட்டை விழுந்த பிஞ்சைப் பறித்து எரித்தார். கிள்ளின இடத்தில் பக்கக் கிளை வெடித்து, பூ வைத்து, கல்யாணத்துக்கு இரண்டு கூடை குறையாமல் காய் வந்தது. அந்தப் பிரியாணியை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. அது எனக்கும் அந்தக் கத்திரிக்காய்க்கும் நடுவில் உள்ள விஷயம்.

ஆனால் சட்டையில் அந்த மூன்று மட்டும் போகவில்லை. சட்டையைத் துவைத்தால் நம்பர் அழிந்துவிடும் அல்லவா? மனிதர் தினமும் காலையில், கண்ணாடி பார்த்து மூன்றைப் புதிதாகப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். கண்ணாடியில் பார்த்துப் போட்டதால் அது பாதி நாள் திரும்பிக்கொண்டு நிற்கும். "போதும் மேஸ்திரி, எல்லாரும் மறந்துட்டாங்க" என்றால், "நம்பர் விழுந்தா விழுந்ததுதான் ரைட்டரே" என்பார். எஸ்தரக்கா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செடியைப் பார்த்து மட்டும் அவ்வப்போது ஏதாவது சொல்லுவார்.

நிக்காஹ் முடிந்த மறுநாள் காலை. நான் மேஸ்திரியைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அவர் வழக்கம்போலக் கத்திரிப் பாத்தியில் குனிந்து ஓர் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெளிச்சப் புள்ளி. எஸ்தரக்கா குடத்தை இறக்கி வைத்தார். என்னைப் பார்த்து, வாய்மேல் விரலை வைத்தார். மெல்ல நடந்து போய் மேஸ்திரியின் காதிலிருந்து சாக்கட்டியை உருவினார். முதுகில், வெள்ளைச் சட்டையில், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் நிதானமாக ஒரு கோடு இழுத்தார். ஒன்று. சாக்கட்டியை மறுபடி காதில் சொருகிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார். மேஸ்திரி இலையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நாள் முழுக்க அவர் முன்னால் மூன்றும் பின்னால் ஒன்றுமாக ஷாப்பைச் சுற்றி வந்தார். அந்த ஷாப்பில் இருந்தவர்கள் லேசுப்பட்டவர்களா? ஒருவன் வேட்டி கொஞ்சம் ஏறியிருந்தாலும் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். அன்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. முதலாளிகூடத் தாடியைத் தடவிக்கொண்டு வந்து, பார்த்துவிட்டு, பேசாமல் போனார்.

சாயங்காலம் அறைக்குக் கிளம்பும்போது மேஸ்திரி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னா ரைட்டரே, இன்னிக்கி எல்லாரும் என் பின்னாலயே வந்து வந்து நிக்கறாங்க?"

"அந்தப் பக்கம் காத்து நல்லா வருது மேஸ்திரி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வேண்டுமென்றே நாலடி பின்னாலேயே நடந்து வந்தேன்.